பாட்டியைச் சாகவிடுங்கள்

சிறுவர் நூல் தேர்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. ‘அன்புள்ள எழுத்தாளருக்கு’ என்று தொடங்கி ‘மேலும் பல படைப்புகளை எதிர்பார்க்கிறோம்’ என்று முடிகிறது. அதற்கு நடுவில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பாட்டியை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டீர்கள். அதுபற்றித்தான் இந்த மடல்.

தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். எழுதினேன், இரண்டு முறை. இரண்டு முறையும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. சரி, ஊருக்கே சொல்லிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். குழுவின் பெயரை மட்டும் எழுதவில்லை. நீங்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 24 பக்கப் படக்கதை, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடியான வீவக வீட்டில் ஏழாவது மாடியில் ஒரு பாட்டி. பாட்டிக்குப் பல் செட் உண்டு. இரவு படுக்கும்போது அதைக் கழற்றி, கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைப்பாள். எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் பல் தனியாகச் சிரிக்கிறது என்று பேரன் குமரன் நம்புகிறான். 14ஆம் பக்கத்தில் பாட்டி தூக்கத்திலேயே இறந்துபோகிறாள். பெட்டியில் கிடத்தும்போது பல் செட்டை மாட்ட மறந்துவிடுகிறார்கள். பல் இல்லாமல் போனால் அங்கே போய்ப் பாட்டி எப்படி முறுக்குக் கடிப்பாள் என்று குமரனுக்குக் கவலை. கிளாசைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல், பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து அவன் பாட்டியிடம் போய்ச் சேர்வதுதான் மீதிக் கதை. வழியில் ஒரு பெரியப்பா, தாகமாக இருக்கிறது என்று அந்தக் கிளாசை வாங்கி... இதற்கு மேல் சொன்னால் விற்பனை பாதிக்கும். விற்பனை என்று ஒன்று இருந்தால்.

இந்தக் கதைக்கு நீங்கள் எழுதிய குறிப்பு இது: ‘இளம் வாசகர்களின் மனநலன் கருதி, பாட்டி இறப்பதற்குப் பதிலாக உறவினர்களைப் பார்க்க இந்தியாவுக்குச் சென்றதாக மாற்றலாம்.’ பெட்டி என்று இருக்கும் இடங்களில் பயணப்பெட்டி என்று போட்டால் போதும் என்றும் யோசனை சொல்லியிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தீர்களா? பாட்டி இந்தியாவுக்குப் போகிறாள். அதற்கு வீட்டில் எல்லோரும் தலைவிரித்து அழுகிறார்கள். புளோக்கின் கீழே கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் பாக்கெட் பானம் கொடுக்கிறார்கள். பாட்டியைப் பயணப்பெட்டிக்குள் படுக்கவைத்து நான்கு பேர் தூக்குகிறார்கள். என் கதையில் ஒரு சாவுதான் இருந்தது. உங்கள் திருத்தத்தில் அது ஆள்கடத்தல் ஆகிவிட்டது.

இருந்தாலும் குழு சொன்னதை முயன்றே பார்க்காமல் தள்ளிவிட்டான் என்று பேர் வரக்கூடாது. எங்கள் வட்டாரத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு முன்பல் இல்லை, ஏழு வயது அப்படி. நீங்கள் திருத்தியபடியே வாசித்தேன். பாட்டி இந்தியாவுக்குப் போனாள் என்றதும் கைகள் எழுந்தன.

“எந்த ஃபிளைட்?”

“பல்லை வீட்டுல வச்சுட்டுப் போனா பாஸ்போர்ட் போட்டோ வேற மாதிரி இருக்குமே. இமிகிரேஷன்ல விடுவாங்களா?”

“வீடியோ கால் பண்ணி, பாட்டி உங்க பல் இங்க இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“கொரியர்ல அனுப்பலாம்.”

பதினைந்து நிமிடத்தில் கதை கந்தலாகிவிட்டது. பொய்க்கு முட்டுக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. குரலைப் பாட்டி மாதிரி மாற்றிப் பார்த்தேன், அதுவும் எடுபடவில்லை. ஒரு பெண்குழந்தை மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“எங்க தாத்தாவும் இந்தியாதான் போனாங்க.”

எப்போது என்றேன்.

“போன வருஷம். நாங்களும் டிசம்பர்ல போறோம். அம்மா டிக்கெட் வாங்கிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நான் போக மாட்டேன்” என்றாள்.

அவளுடைய அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் உங்கள் குழுவில் ஒருவராவது அந்த அறையில் இருந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டாலும், சிங்கப்பூரில் தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிறவன் வேறு ஏதோ ஒரு வேலையில் இருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன். முப்பத்தொரு வருடமாக இந்தத் தீவின் அடுக்குமாடிகளில் மேலே கீழே போய்க்கொண்டிருக்கிறேன். வேலையில் கற்றது ஒன்றுண்டு. ஒருமுறை ஒரு தாத்தாவும் பேரனும் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் மேலிருந்து குரல் கொடுத்தபோது பையன் ஜாலியாக உள்ளே எல்லா மாடிப் பொத்தானையும் எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு தாத்தா கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பித்தார். முதல் வரிக்கே பையன் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். இருட்டுக்கு அழவில்லை, தாத்தாவின் குரலுக்கு அழுதான். அதற்கப்புறம் நான் யாரை மீட்கப் போனாலும், முதலில் பெரியவரிடம் ஏதாவது கேட்டுப் பேச்சுக் கொடுப்பேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மருந்து போட்டாயிற்றா, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று. பெரியவர் அடங்கினால் பிள்ளை அடங்கிவிடும்.

உங்கள் மின்னஞ்சலைப் படித்தபோது அந்தக் கவசக் குரல்தான் கேட்டது.

சரி, ஊருக்கு வருவோம். நம் ஊரில் சாவை ஒளித்துவைக்க இடம் எங்கே இருக்கிறது? மண்டாய் பக்கம் போய்ப் பாருங்கள். விலங்குத் தோட்டமும் அங்கேதான், தகனச் சாலையும் அங்கேதான். விலங்குத் தோட்டம் 1973இல் வந்தது, தகனச் சாலை 1982இல் வந்தது. விடுமுறை நாளில் ஒரே சாலையில் ஒரு பேருந்து குரங்கு பார்க்கப் போகிறது, இன்னொரு பேருந்து பெரியம்மாவோடு போகிறது. இரண்டிலும் சன்னலோரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடி இனூக்கா, 27 வயதில், மூப்பின் வலி தாங்காமல் இருந்ததால் 2018 ஏப்ரலில் நிரந்தரமாகத் தூங்கவைக்கப்பட்டது. அன்று என் தங்கை மகன் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “பக்கத்துலதானே மாமா, நடந்தே கொண்டுபோய்டுவாங்களா?” தங்கை அவன் தொடையில் கிள்ளினாள். எனக்கென்னவோ அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இனூக்கா இந்தியாவுக்குப் போனதாக யாரும் அறிவிக்கவில்லை. ஆர்க்டிக்குக்குத் திரும்பிவிட்டது என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் அழுதார்கள், அட்டையில் படம் வரைந்து கொடுத்தார்கள், அடுத்த வாரம் பெங்குயினைப் பார்க்கப் போனார்கள். கரடிக்கு நாம் கொடுத்த மரியாதையை என் பாட்டிக்கும் கொடுங்கள் என்கிறேன்.

பிடாடரிக்கு வாருங்கள். 1972 வரை அது இடுகாடு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இன்று அங்கே பளபளவென்று புது வீவக புளோக்குகள், கீழே பாலர் பள்ளி, சறுக்குமரம். உட்லீ ரயில் நிலையத்தை 2003இல் கட்டி முடித்துவிட்டு, இறங்க ஆள் இல்லை என்று 2011 வரை பூட்டி வைத்திருந்தார்களே, அந்த இடம்தான். அந்தப் பக்கம் இருந்தவர்கள் ரயில் ஏறுகிற நிலையில் இல்லை. ஆர்ச்சர்ட் ரோட்டில் நீங்கள் பள்ளிக்கூடப் பை வாங்கும் நீ ஆன் சிட்டி முன்பு தியோச்சியூ சீனர்களின் இடுகாடாக இருந்த நிலம். சுவா சூ காங்கில் புதைத்தாலும் நிரந்தரம் கிடையாது, 15 வருடம்தான். அதற்குப் பிறகு எழுப்பிவிடுவார்கள். இந்த ஊரில் பிணத்துக்கும் குத்தகை உண்டு என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தால் அது பயப்படும் என்கிறீர்கள். என் அனுபவத்தில் அது கேட்பது வேறு: “எழுப்புனா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

சீனர்கள் ஆவிகளுக்குப் படையலிடும் ஏழாம் மாதத்தை விட்டுவிடுகிறேன். தாளில் செய்த கார், தாளில் செய்த ஐஃபோன், தாளில் செய்த பணிப்பெண் வரை எரித்து மேலே அனுப்புகிறார்கள், மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுகிறார்கள். தெரியாமல் போய் உட்கார்ந்த நம் பிள்ளைகளைக் காதைப் பிடித்து எழுப்பியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஹாவ் பார் வில்லா பூங்காவை விட முடியாது. பாசிர் பாஞ்சாங்கில் 1937இல் கட்டியது, டைகர் பாம் தைலத்தின் உபயம். அங்கே நரகத்தின் பத்து நீதிமன்றங்கள் பொம்மைகளாக நிற்கின்றன. என்னை எட்டு வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்றுதான் கூட்டிப்போனார், தண்டனையாக அல்ல. ஆறாவது நீதிமன்றத்தில் சாப்பாட்டை வீணாக்கியவனை நிற்கவைத்து ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். புத்தகத்தைத் தவறாகப் பயன்படுத்தியவனுக்கும் அதே ரம்பம். (குழு உறுப்பினர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) எட்டாவதில், தேர்வில் காப்பியடித்தவனின் குடலை உருவுகிறார்கள். கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் வேறு நீதிமன்றம் இருக்க, தேர்வில் பார்த்து எழுதியவனுக்கும் ஒரு தண்டனை யோசித்த ஊர் இது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சிவப்புச் சாயம் பூசிய அந்தக் குடலை வெகுநேரம் பார்த்தேன். அப்புறம் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று அம்மா சொல்லுவார். ஒரே ஒரு பின்விளைவு, தட்டில் ஒரு பருக்கை விடுவதில்லை. இப்போது அந்த இடத்துக்கு நரக அருங்காட்சியகம் என்று பெயர், சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும்.

சீனர்கள் அப்படி, நாம் அப்படியில்லை என்று யாராவது சொல்வதற்கு முன் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு வாருங்கள். பெரியாச்சிக்கு அங்கே சந்நிதி உண்டு. மடியில் ஒரு ராணியைக் கிடத்தி, வயிற்றைக் கிழித்து, குடலை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறாள். காலடியில் ராஜா நசுங்கிக் கிடக்கிறான். ஒரு கை ஒரு சிசுவை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அவள் யாருக்குக் காவல்? பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும். குழந்தை பிறந்து முப்பது நாள் ஆனதும் நம்மில் பலர் முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு போவது அவளிடம்தான். கண்ணே சரியாகத் தெரியாத வயதில் குடலைக் காட்டிக் கும்பிடவைத்துவிட்டு, ஏழு வயதில் பல் செட்டுக்குத் தடை போடுகிறீர்கள்.

நமக்குக் கதை சொன்னவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். என் அப்பாயி நல்லதங்காள் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவார். பஞ்சம், மூளி அலங்காரி, பாழுங்கிணறு. ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுகிறாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கவளம். நான்காவது பிள்ளை விழும்போது எனக்குக் கத்தரிக்காய் வந்தது என்று இன்றும் ஞாபகம். சாப்பிடாமல் அடம்பிடித்தால் பூச்சாண்டி, அதுவும் எடுபடாவிட்டால் ‘மாத்தாவைக் கூப்பிடவா?’ பூச்சாண்டி தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவன், மாத்தா என்கிற போலீஸ்காரன் மலாய் மொழியிலிருந்து எங்கள் வீட்டு மொழிக்குள் வந்தவன். இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை வளர்த்தார்கள்.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. நல்லதங்காளை இன்று நான் ஏழு வயதுக்கு எழுத மாட்டேன். பிள்ளையை மிரட்டுகிற கதை வேறு, பிள்ளையோடு உட்கார்ந்து எட்டிப் பார்க்கிற கதை வேறு. குமரன் யாருக்கும் பயப்படவில்லை. கிளாசில் தண்ணீர் சிந்தக்கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே பயம்.

இந்தக் கிளாஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் அம்மா இறந்தபோது புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். வெயில், மின்விசிறிகள், மடக்கு மேசைகள், வெள்ளைத் தாள் விரிப்பு, வேர்க்கடலை. சாவு வீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொத்துத் தகராறு பேசுவது எல்லா இனத்துக்கும் பொது என்று நினைக்கிறேன். பக்கத்து புளோக்கின் கீழே அதே நாளில் மலாய்க் கல்யாணம். கொம்பாங் மேளம் ஆரம்பித்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். நான், அம்மாவுக்கு மேளம் பிடிக்கும், சத்தமாகவே வாசிக்கட்டும் என்றேன். மதியம் அங்கிருந்து ஒரு பாத்திரம் பிரியாணி வந்தது. சாவு வீட்டில் சாப்பிடலாமா கூடாதா என்று பெரியவர்கள் விவாதித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறேழு பேர். தூண்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். யாராவது அதட்டினால் கொஞ்ச நேரம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து கைகட்டி நின்று, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள், பிறகு மறுபடி ஓடுவார்கள். அண்ணன் மகள், ஐந்து வயது, பெட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“சித்தப்பா, பாட்டி வாய் ஏன் சின்னதா இருக்கு?”

நான் பார்த்தேன். உண்மைதான். வாய் உள்ளே போயிருந்தது. முந்தைய நாள் காலையிலிருந்து அம்மாவைப் பார்த்து அழுதவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். பல் இல்லை என்று கண்டுபிடித்தது அவள்தான்.

மின்தூக்கி அப்போது பழுது. ஆமாம், என் சொந்த புளோக்கில், என் அம்மாவின் சாவன்று. ஏழு மாடி ஏறி, சமையலறையில் ஜன்னலோரம் இருந்த கிளாசை எடுத்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பல்லை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. கிளாசோடு, தண்ணீரோடு, படி படியாக இறங்கினேன். அந்த ஏழு மாடியில் மூன்றாவது மாடி வரை அழுதேன், மூன்றாவது மாடிக்குக் கீழே சிரிப்பு வந்துவிட்டது. கீழே அவள் காத்துக்கொண்டிருந்தாள். “சிந்திட்டீங்களா?” என்றாள்.

இல்லை. கொஞ்சம்தான்.

அதற்கு மேல் சவ அடக்கக்காரர் என்ன செய்தார், கண்ணாடியைத் திறந்தாரா, திறக்க முடிந்ததா என்பதையெல்லாம் கதையில் மாற்றிவிட்டேன், அது எங்கள் குடும்ப விஷயம். ஆனால் 14ஆம் பக்கத்தை நான் ஏன் விட்டுத்தர மாட்டேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. ஐந்து வயதுக்காரி கேட்டது. அதைத் திருப்பி அவள் வயதுக்காரர்களிடமே கொடுக்கிறேன். நடுவில் தரகர் வேலைதான் எனக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. 2020 குடிமதிப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. அதற்குப் பத்தாண்டுக்கு முன் 3.3. நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறுகிற பிள்ளைகள், 2023இல் 0.97. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளும் குறைகிறார்கள், இருக்கிற பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழும் குறைகிறது. என் கடைசிப் புத்தகத்துக்கு 500 படி அச்சிட்டேன். இருநூறுக்குக் கொஞ்சம் மேலே என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நான் அவற்றின் மேல்தான் தூங்குகிறேன். பாட்டிமார் சாவதைப் பற்றி நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிற பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் பெரும்பாலும் அந்தப் பாட்டிதான். அவள் போனால் பல் செட்டோடு மொழியும் போகிறது. அதை எந்தச் சொல்லால் மாற்றி எழுதச் சொல்வீர்கள்? தமிழும் இந்தியாவுக்குப் போய்விட்டது என்றா?

பள்ளிகளில் கதை சொல்லப் போகும்போது பெற்றோர் என்னிடம் கேட்பது எப்போதும் இரண்டே கேள்விதான். கதையின் நீதி என்ன? இது தேர்வுக்கு உதவுமா? பாட்டி ஏன் சாகிறாள் என்று இதுவரை ஒரு பெற்றோரும் கேட்டதில்லை. ஓர் அம்மா மட்டும், ‘பாட்டி இறந்தாள்’ என்பதற்குப் பதில் ‘இயற்கை எய்தினாள்’ என்று எழுதினால் கட்டுரைக்குப் பயன்படுமே என்றார். பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்கு வாழ்க்கையின் பயங்கரம் எது என்று அந்தத் தாய்க்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அவரை நான் மதிக்கிறேன்.

ஆகவே பேரத்துக்கு வருகிறேன். நான் பிடிவாதக்காரன் அல்ல. பூனை மீன் திருடுவது நேர்மையின்மையை ஊக்குவிக்கும் என்றீர்கள், பூனை இனி அனுமதி கேட்கும். பெரியப்பா அடுத்தவர் கிளாசில் குடிப்பது சுகாதாரக்கேடு என்றீர்கள், குடித்தபின் கைகழுவ வைத்துவிடுகிறேன். எட்டாம் பக்கத்தில் குமரன் விழுந்த பால்பல்லை ஏழாவது மாடியிலிருந்து வீசுவதையும் எடுத்துவிட்டேன். கூரைமேல் வீசச் சொன்ன பாட்டனுக்கு வீவக தெரியாது, மேலிருந்து பொருள் வீசினால் இந்த ஊரில் வழக்குப் போடுவார்கள். இதில் நீங்கள் சொன்னதுதான் சரி. முறுக்கில் எண்ணெய் அதிகம் என்று யாராவது எழுதியிருந்தால் அதையும் அடுப்பில் சுட்ட முறுக்காக்கத் தயார். பாட்டி மட்டும் சாக வேண்டும். அமைதியாக, தூக்கத்தில், 14ஆம் பக்கத்தில்.

ஓவியர் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே வரைந்து கொடுத்துவிட்டார். இருட்டான சமையலறை, ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கில் ஒரே ஒரு விளக்கு, மேடைமேல் கிளாஸ். பாட்டியே படத்தில் இல்லை. அதிலும் எதை அழிக்கச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. அவருக்குப் பாக்கிப் பணம் வேறு கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, அந்தப் பெண்குழந்தை. மூன்று வாரம் கழித்து, பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பழைய வடிவத்தையே வாசித்தேன். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவும் பக்கத்திலேயே தரையில். 14ஆம் பக்கம் வந்தபோது ஒருவரும் அழவில்லை. பெரியப்பா கிளாசை வாய்க்குக் கொண்டுபோனபோது கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார். முடிந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

“அப்ப இந்தியாவுல யாரு இருக்கா?”

உன் அத்தை இருப்பாங்க, மாமா இருப்பாங்க, மாடு இருக்கும் என்றேன்.

“மாடு கடிக்குமா?”

அதற்கு அவளுடைய அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். இயந்திரத்திடமிருந்து அல்ல.

இப்படிக்கு,
பாட்டியைக் கொன்றவன்

பி.கு.: பூனை அனுமதி கேட்டுவிட்டது, பக்கம் 9. பாட்டி கொடுக்கவில்லை. எனவே அது திருடுகிறது.